ஒற்றை ஆள் மேடையில் ஒரு ரசிகனின் பால்யம்

கனடாவைச் சேர்ந்த நடிகர் சார்லஸ் ராஸ் மேடையேறும்போது அவருடன் வருபவை ஒரு கறுப்பு முழுஉடையும் முழங்கால் காப்புகளும் மட்டுமே. வண்ணத்திரை கிடையாது, மேடைப் பொருள்கள் கிடையாது, வேடமாற்றம் கிடையாது. அந்த வெற்று மேடையில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் முதல் மூன்று படங்களையும் அவர் தனியாளாக நடித்துக் காட்டுகிறார். 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த அந்தப் படங்களைத் தொடர்ந்து பார்க்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ராஸ் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடித்துவிடுகிறார். நாயகன், இளவரசி, கருங்கவச வில்லன், ரோமம் அடர்ந்த துணைவன், விசிலடித்தே பேசும் குட்டி ரோபோ என எல்லாரும் அவரே. விண்கலம் பறக்கும் ஓசையும் ஒளிவாள்கள் மோதும் ஓசையும் பின்னணி இசையும்கூட அவர் தொண்டையிலிருந்தே வருகின்றன. 2001-இல் டி.ஜே. டாவ் என்னும் கனடிய நாடகக்காரரின் இயக்கத்தில் உருவான இந்த நிகழ்ச்சி, சிறு அரங்குகளில் வளர்ந்து 2005-இல் நியூயார்க்கின் லேம்ப்ஸ் அரங்கம் வரை போனது.

இதைப் பலகுரல் வித்தை என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சியும், இதே காலத்தில் பிரிட்டனிலும் கனடாவிலும் வந்த வேறு சில ஓராள் நகைச்சுவை நாடகங்களும் ஒரு குறிப்பிட்ட தலைமுறையின் வாழ்க்கையிலிருந்து மட்டுமே பிறந்திருக்க முடியும் என்பது என் கருத்து. தான் நேசித்த கதையை நினைத்த நேரத்தில் பார்க்க வழியில்லாமலோ, கையில் கிடைத்த ஒன்றைத் தவிர வேறெதையும் பார்க்க வழியில்லாமலோ வளர்ந்த தலைமுறை அது. அந்தக் கதையை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்கள், பெரியவர்களானதும் அதையே பிறர் முன் ஓட்டிக் காட்டினார்கள். இந்த வகை நாடகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ராஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் சில காலம் தொலைக்காட்சி அலைவரிசைகள் எட்டாத ஒரு பண்ணை வீட்டில் வாழ்ந்ததாகவும், கையில் இருந்த 'ஸ்டார் வார்ஸ்' வீடியோ நாடாவையே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததாகவும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் படத்தை மட்டும் 400 தடவைக்கு மேல் பார்த்ததாக ஒரு கணக்கும் சொல்வதுண்டு. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே நாடாவை அத்தனை காலம் பார்க்கும் குழந்தைக்கு வசனம் மட்டும் மனப்பாடமாவதில்லை. யார் எந்தப் பக்கம் திரும்பினார், கதவு திறக்கும்போது என்ன சத்தம் வந்தது, எந்த இடத்தில் இசை தணிந்தது என்பதெல்லாம் உடம்பில் ஏறிவிடுகின்றன. பாத்திரங்களை அவர்களின் தோள்சாய்வையும் மூச்சையும் வைத்தே ராஸால் பிரித்துக் காட்ட முடிவது இதனால்தான். கலைக்கூடப் பயிற்சி அவருக்கு உண்டு. ஆனால் பாடத்திட்டம் பண்ணை வீட்டிலேயே முடிந்துவிட்டது.

இந்த மனப்பாடத்துக்கு எதிர்பாராத ஒரு மதிப்பும் சேர்ந்தது. 1997-இல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தம் பழைய படங்களில் கணினி வரைகலைக் காட்சிகளைச் சேர்த்தும் சிலவற்றை மாற்றியும் மறுவெளியீடு செய்தார். ஒரு மதுக்கடைக் காட்சியில் முதலில் சுட்டவர் யார் என்பதே மாறிப்போனது. அதற்குப் பிறகு அதிகாரபூர்வமாகப் பெரும்பாலும் புழங்கியது திருத்தப்பட்ட வடிவமே. பழைய வடிவம் ரசிகர்களின் தேய்ந்த நாடாக்களிலும் நினைவிலும் மிஞ்சியது. ராஸின் நாடகம் பிறந்தது இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இல் வந்த புதிய 'ஸ்டார் வார்ஸ்' படம் பழைய ரசிகர்கள் பலரை ஏமாற்றியிருந்த சமயத்தில். படத்தின் சொந்தக்காரரைவிடத் தங்களுக்கே படம் நன்றாக நினைவிருக்கிறது என்று நம்பிய ஒரு கூட்டம், தங்கள் நினைவு மேடையில் உயிரோடு அசைவதைப் பார்க்க வந்தது. அரங்கில் எழும் சிரிப்பில் அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சி பெரும்பங்கு. அதற்குக் கீழே, 'ஆமாம், அது அப்படித்தான் இருந்தது' என்ற உரிமைக்குரலும் இருந்தது.

பிரிட்டனில் இதே தட்டுப்பாடு இன்னும் கடுமையான வடிவத்தில் இருந்தது. அதற்கு 'டாக்டர் ஹூ' தொடரின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் அது. டாக்டர் என்று மட்டும் அறியப்படும் ஒரு வேற்றுலகவாசி, பழைய லண்டன் போலீஸ் தொலைபேசிப் பெட்டியின் உருவத்தில் இருக்கும் வாகனத்தில் காலத்துக்குள் முன்னும் பின்னும் பயணம் செய்கிறார். சாகும் தறுவாயில் அவர் உடல் புதிதாகிவிடும். 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னல் விலகியபோது கையாளப்பட்ட இந்த உத்தியால்தான் நடிகர்கள் மாறினாலும் தொடர் நிலைத்தது. இதன் விளைவாக ஒவ்வொரு வயதினருக்கும் 'என்னுடைய டாக்டர்' என்று ஒருவர் உண்டு. ஒரு பிரிட்டிஷ்காரரிடம் உங்கள் டாக்டர் யார் என்று கேட்டால், அவருடைய வயதை ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை மாலைகளில் குடும்பமே உட்கார்ந்து பார்த்த அந்தத் தொடரை ஒளிபரப்பான பிறகு மறுபடி பார்ப்பது அரிது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. மறுபடி காட்டமுடியாத நாடாவை வைத்திருப்பதில் பயனில்லை என்று கருதிய பிபிசி, 1960-களிலும் 70-களிலும் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளை அழித்தது. நாடா விலையுயர்ந்த பொருள், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். முதல் ஆறு ஆண்டுகளின் 253 'டாக்டர் ஹூ' அத்தியாயங்களில் பெரும்பங்கு இப்படிப் போனது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற திரைப்படப் பிரதிகள் சில பிற்பாடு திரும்பி வந்தன. 2013-இல் நைஜீரியாவிலிருந்து 9 அத்தியாயங்கள் கிடைத்த செய்தி பிரிட்டனில் முதல் பக்கச் செய்தியாயிற்று. அதன் பிறகும் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை காணாமலே இருந்தன.

ஆனால் படம் தொலைந்த எல்லா அத்தியாயங்களின் ஒலியும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சில சிறுவர்களும் இளைஞர்களும் பதிந்து வைத்ததுதான் அதற்குக் காரணம். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, ஊதியம் இல்லை, அக்கம்பக்கத்தார் வியப்பாகப் பார்த்திருப்பார்கள். ஒரு தேசிய ஒளிபரப்பு நிறுவனம் குப்பையென்று தள்ளியதைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ரசிக மோகத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தச் செய்தியைத்தான்.

பதிவுக் கருவி இல்லாத குழந்தைகளுக்குப் புத்தகங்கள் இருந்தன. 1973 முதல் டார்கெட் என்ற பதிப்பகம் தொடரின் கதைகளை மலிவு விலைச் சிறுநாவல்களாக வெளியிட்டது; தொடரின் கதையாசிரியர்களில் ஒருவரான டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அவற்றில் 60-க்கு மேல் எழுதினார். பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு வாசிக்கும் பழக்கம் வந்ததே இந்தப் புத்தகங்களால்தான் என்று சொல்பவர்கள் உண்டு. தாங்கள் பிறப்பதற்கு முன்பே ஒளிபரப்பாகி அழிந்தும்போன கதைகளை அவர்கள் அட்டைப்படத்தையும் வர்ணனையையும் வைத்து மனத்தில் படமாக ஓட்டினார்கள். 1983-இல் முதல் 'டாக்டர் ஹூ' வீடியோ நாடா விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 40 பவுண்டு. எந்தப் பள்ளிச் சிறுவனின் கைச்செலவுப் பணத்துக்கும் எட்டாத தொகை.

1985-இல் பிபிசி தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைத்தது. திரும்பி வந்தும் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1989 டிசம்பருக்குப் பிறகு தொடர் சத்தமில்லாமல் நின்றுபோனது. பிறகு, 1996-இல் வந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் படத்தைத் தவிர, பதினாறு ஆண்டுகள் எதுவும் இல்லை. அந்த இடைக்காலத்தில் 'டாக்டர் ஹூ' ரசிகன் என்று சொல்லிக்கொள்வது பள்ளியிலும் கல்லூரியிலும் கேலிக்கு உரிய அடையாளம். அட்டைச் சுவர், ஆடும் மேடை, ரப்பர் பூதம் என்று நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குத் தொடர் தீனியாகிப்போனது. ரசிகர்களோ புதிய நாவல்களை எழுதினார்கள், 1999 முதல் ஒலிநாடகங்களைத் தயாரித்தார்கள், இறந்துபோனதாக எல்லாரும் நினைத்த ஒன்றைத் தங்களுக்குள் வாழவைத்தார்கள்.

டோபி ஹேடோக் இந்தக் காலத்தில் பதின்ம வயதைக் கடந்தவர். மான்செஸ்டரில் 'எக்ஸ்எஸ் மலார்க்கி' என்ற நகைச்சுவை மன்றத்தை நடத்தி வந்த மேடைப் பேச்சுக் கலைஞர். 2006-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் அவர் அரங்கேற்றிய தனிநிகழ்ச்சியின் பெயர், 'என் டாக்டர் ஹூ கழுத்துத்துண்டை அந்துப்பூச்சி அரித்துவிட்டது' என்று பொருள்படும். 'டாக்டர் ஹூ'வோடு தன் வாழ்க்கை எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதைச் சொல்லும் நகைச்சுவை அது. பிறகு அது பல ஊர்களுக்குச் சென்றது. பிபிசி வானொலியிலும் ஒலித்தது. பிற்பாடு அவர் கொண்டுவந்த இன்னொரு நிகழ்ச்சியின் தலைப்பு, 'என் மனைவியின் மகன் என் சோனிக் திருப்புளியைத் திருடிவிட்டான்' என்ற பொருளில் அமைந்தது.

இந்த இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வளர்தல் என்பது என்ன என்று நிறையப் புரிகிறது. முதல் தலைப்பில் வரும் கழுத்துத்துண்டு, 1974 முதல் 1981 வரை டாக்டராக நடித்த டாம் பேக்கரின் அடையாளம். ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்செசன் பல நிறக் கம்பளி நூல்களை நிறைய வாங்கி பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுக்க, அவர் கொடுத்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார்; அளவுக்கு மீறி நீண்ட அந்தத் துண்டே டாக்டரின் உருவமாகிவிட்டது. கடையில் கிடைக்காத அந்தப் பொருளைப் பல வீடுகளில் அம்மாக்களும் பாட்டிகளும் பின்னிக் கொடுத்தார்கள். ஆகவே பூச்சி அரித்தது ஒரு தொடரின் நினைவுப்பொருளை மட்டுமல்ல. வீட்டில் ஒருவர் மாலை வேளைகளில் உட்கார்ந்து பின்னிய அன்பையும் சேர்த்து.

இரண்டாம் தலைப்பின் திருப்புளி வேறு வகை. பூட்டுகளைத் திறக்கும் அந்த மாயக் கருவி பழைய தொடரில் 1982-இல் கதையிலிருந்தே நீக்கப்பட்டது; எல்லாச் சிக்கலையும் எளிதில் தீர்த்துவிடுகிறது என்பது அப்போதைய தயாரிப்பாளரின் எண்ணம். 2005-இல் தொடர் மீண்டும் வந்தபோது திருப்புளியும் முழு வேகத்தோடு வந்தது, விளக்கு எரியும் பிளாஸ்டிக் பொம்மையாகக் கடைகளிலும் குவிந்தது. அந்த 2005 மார்ச் 26 ஒளிபரப்பை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். யாரும் சீண்டாத ஒன்றைப் பதினாறு ஆண்டுகள் தனியே நேசித்தவன், ஒரே இரவில் நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளோடும் அதைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. ஹேடோக்கின் இரண்டாம் தலைப்பில் பொருள் பூச்சிக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்த சிறுவனின் கைக்குப் போகிறது. இழப்பைப் பற்றிய தலைப்பிலிருந்து அடுத்தவனுக்குக் கைமாறுவதைப் பற்றிய தலைப்புக்கு வந்து சேர இடைப்பட்ட ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன.

இவையெல்லாம் ஏன் ஓராள் நாடகங்களாகவே வந்தன? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று பணம். எடின்பரோவில் 1947-இல் நடந்த சர்வதேசக் கலைவிழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து ஊரின் ஓரங்களில் நாடகம் போட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபிரிஞ்ச். அங்கே தேர்வுக்குழு இல்லை. இடம் பிடித்து, கட்டணம் கட்டும் எவரும் நாடகம் போடலாம். ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை நாடகங்கள் மாறிக்கொண்டே இருக்கும்; ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேடையை ஒழுங்குபடுத்தச் சில நிமிடங்கள். ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஊரில் வீட்டு வாடகை தாங்கமுடியாத உயரத்துக்குப் போகிறது. நான்கு நடிகர்களை ஒரு மாதம் தங்கவைத்துச் சோறு போட எந்தச் சிறு குழுவாலும் முடிவதில்லை. தனியாள் என்றால் ஒரு பை, ஒரு கட்டில், கையில் துண்டுப்பிரசுரங்கள். பகலில் தெருவில் நின்று தானே ஆள் சேர்த்து, இரவில் தானே நடிக்கலாம்.

கனடாவில் இந்த வழக்கம் இன்னும் நாகரிகமாக வேரூன்றியது. 1982-இல் எட்மன்டனில் தொடங்கிய ஃபிரிஞ்ச்தான் வட அமெரிக்காவின் முதல் ஃபிரிஞ்ச் விழா. அதைப் பின்பற்றி நாடு முழுவதும் விழாக்கள் வந்தன. பல கனடிய விழாக்களில் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கிறார்கள். நிர்ணயித்த டிக்கெட் விலை முழுவதும் கலைஞருக்கே சேர்கிறது. கோடையில் கிழக்கிலிருந்து மேற்குவரை ஊர் ஊராகப் போய் ஒரே நாடகத்தை நடித்தே ஆண்டின் பெரும்பகுதிச் சம்பாத்தியத்தைத் தேடிக்கொள்ளும் நடிகர் கூட்டம் இதனால் உருவானது. ராஸும் டாவும் அந்த வட்டத்தில் புழங்கியவர்கள். கனடா இத்தனை நல்ல ஓராள் நாடகங்களைத் தந்ததற்கு அந்த நாட்டின் நகைச்சுவை உணர்வைப் பலர் காரணம் சொல்கிறார்கள்; டிக்கெட் பணம் யாருக்குப் போகிறது என்பதே அதைவிட முக்கியமான காரணம் என்பேன்.

இரண்டாவது பதில் இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. கதாகாலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். ராமனுக்கு அடுத்து என்ன நேரும் என்று அறிய யாரும் அங்கே போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதையை ஒரே ஆள் அத்தனை பாத்திரங்களாகவும் மாறிச் சொல்வதில், சொல்பவரின் மனம் எங்கே உருகுகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் கேட்கவே போகிறார்கள். ராஸின் மேடையிலும் அதுவே நடக்கிறது. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் கதையை விளக்கும் சுமை அவருக்கு இல்லை. ஒரு சைகை போதும், மீதி முழுவதையும் பார்வையாளர்கள் தங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். பத்துப் பேர் நடித்தால் அவர்கள் பாத்திரங்களாகிவிடுவார்கள், நாம் படத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்போம். ஒருவர் மட்டும் நடிக்கும்போது நமக்குத் தெரிவது அந்தக் கதையைத் தனியே வீட்டின் நடுக்கூடத்தில் நடித்துப் பார்த்த சிறுவன். ரசிக மோகம் பிறக்கும் இடம் தனிமை. அதை மேடையில் சொல்லவும் ஒற்றை ஆளே பொருத்தம்.

எதிர்ப்பட்ட இரண்டு பாத்திரங்கள் பேசுவதை ஒருவர் காட்டுவது எப்படி என்பதிலும் நுட்பம் உண்டு. ஒரு பாத்திரத்துக்கு வலப்பக்கப் பார்வை, மற்றதற்கு இடப்பக்கப் பார்வை. உயரமானவருடன் பேசும்போது கண் மேலே போகும். இந்தக் கோணங்கள் ஒரு நூலளவு பிசகினாலும் யார் பேசுகிறார் என்று குழம்பிவிடும். வேகம் கூடக்கூட இந்தத் துல்லியமே நகைச்சுவையாகிவிடுகிறது. முழங்கால் காப்பு எதற்கு என்று முதல் பத்து நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

இதே கனடாவில் ரிக் மில்லர் 1990-களின் நடுவில் தொடங்கிய 'மக்ஹோமர்' இந்த வகைக்கு முன்னோடி. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் பாத்திரங்களின் குரல்களில் நடிப்பது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குரல்கள். உயர்ந்த இலக்கியமும் வரவேற்பறைக் கார்ட்டூனும் ஒரே தொண்டையில் மோதிய அந்த நாடகம் பல நாடுகளைச் சுற்றியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மில்லர் பிற்பாடு செய்தது. 'பூம்' என்ற தனிநாடகத்தில் 1945 முதல் 1969 வரையிலான இருபத்தைந்து ஆண்டுகளை, அந்தக் காலத்து அரசியல்வாதிகள், பாடகர்கள் உட்பட நூறு குரல்களில் சொன்னார். தொடர்ச்சியாக வந்ததில் தன் தலைமுறையின் காலமான 1970 முதல் 1995 வரையை எடுத்துக்கொண்டார். கார்ட்டூன் குரலில் தொடங்கியவர் தன் பெற்றோரின் இளமையை விசாரிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார். பழையதின் மீதான ஏக்கம் கூர்மையான கேள்வியாக மாறும் வழி இது.

பிறர் படைத்த கதையை வைத்துப் பிழைப்பதால் உரிமைச் சிக்கல் எப்போதும் தலைக்கு மேல் தொங்குகிறது. ராஸுக்கு லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே அனுமதி தந்தது. 2005-இல் இண்டியானாபொலிஸில் நடந்த அதிகாரபூர்வ ரசிகர் மாநாட்டில் அவர் நடித்தார். அடுத்து அவர் செய்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஓராள் நாடகத்தை, உரிமையாளர்களின் ஒப்புதல் வாங்கிய பிறகே ஊர் ஊராகக் கொண்டுபோக முடிந்தது. ஹேடோக்கைப் போலத் தன் வாழ்க்கையைச் சொல்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. தான் ஒரு தொடரை நேசித்தேன் என்று சொல்ல யாருடைய உரிமமும் வேண்டியதில்லை.

இந்த வகையில் எல்லாமே நல்ல நாடகங்கள் அல்ல. மலிவான ஒரு வழி இருக்கிறது: மேடையில் நிற்பவர் தன்னைப் பரிதாபமான கோமாளியாகக் காட்டி, பெண் துணையில்லாதவன், விளையாட்டில் தோற்றவன், அம்மா வீட்டில் வாழ்பவன் என்று தன்னையே வரிசையாகக் குத்திக்கொள்வது. பள்ளி மைதானத்தில் தன்னை அடித்தவர்களின் வசனத்தையே அவர் இப்போது காசு வாங்கிக்கொண்டு ஒப்பிக்கிறார், அரங்கம் சிரிக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல நாடகங்கள் ரசிகனின் அபத்தங்களைக் காட்டத் தயங்குவதில்லை, ஆனால் நேசித்த பொருளை ஒருபோதும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்த ரப்பர் பூதம் எட்டு வயதில் எவ்வளவு பயமுறுத்தியது என்பதை நம்மையும் ஒரு கணம் பயப்படவைத்துச் சொல்கின்றன.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இதுவரை நான் பேர் சொன்ன தனிநாடகக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். ரசிகர் உலகம் அப்படி இருந்ததில்லை. அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'குக்கு 1967-இல் வந்த முதல் ரசிகர் இதழைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். தொடர் நிறுத்தப்படும் அபாயத்தில் இருந்தபோது கடித இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் பிஜோ டிரிம்பிள் முக்கியமானவர். எனினும் ஒரு பையன் விண்கலத்தின் பாகங்களை ஒப்பித்தால் அறிவுக் கிறுக்கு என்றும், ஒரு பெண் பாடகர் குழுவின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தேதி வாரியாகச் சொன்னால் வெறி என்றும் உலகம் பேர் வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஈவ் பிளேக் 2019-இல் பிரிஸ்பேனில் அரங்கேற்றிய 'ஃபேன்கேர்ள்ஸ்' இசைநாடகம் இந்த அநீதியை நேராகவே எடுத்துக்கொண்டது. பாடகர் குழு ஒன்றின் மேல் பித்தான பள்ளி மாணவிகளின் கதை. அவர்களின் அலறலைக் கேலிக்குரியதாக அல்லாமல் முழு மூச்சுடன் நேசிப்பதன் ஓசையாகக் கேட்கச் சொன்னது. அது ஓராள் நாடகம் அல்ல, மேடை நிறைய ஆட்கள். ஒருவேளை அந்த ரசிகைகளின் அனுபவமே கூட்டாக இருந்ததால் வடிவமும் அப்படி அமைந்திருக்கலாம். தனியே நாடா பார்த்த பண்ணைச் சிறுவனின் கதைக்கு ஒற்றை ஆள். தோழியரோடு சேர்ந்து அழுத மாணவியின் கதைக்கு ஒரு கூட்டம்.

இன்று எல்லாமே கைப்பேசியில் கிடைக்கிறது. பழைய 'டாக்டர் ஹூ'வில் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றை பிரிட்டனில் பிபிசியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். காணாமல் போன அத்தியாயங்கள் பலவற்றைக் காப்பாற்றிய ஒலியின் மேல் அனிமேஷன் படங்கள் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இந்தக் காலத்துக் குழந்தை நாற்பது வயதில் தன் பால்யத்தைப் பற்றி மேடையில் சொல்ல வரும்போது, கிடைக்காமையின் கதை அதில் இருக்காது. அளவுக்கு மேல் கிடைத்ததைப் பற்றியும், ஒன்றைப் பார்த்து முடிக்கும் முன் அடுத்தது வந்து நின்றதைப் பற்றியும், அதற்கிடையிலும் ஏதோ ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதைப் பற்றியும் அது இருக்கலாம். அதற்கு வேறு நாடக வடிவம் தேவைப்படும்.

தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்களோ பிற்பாடு பொறுப்புக்கு வந்தார்கள். 2005-இல் தொடரை மீட்டெடுத்த ரசல் டி. டேவிஸ் அந்த இடைக்காலத்தில் 'டாக்டர் ஹூ' நாவல் எழுதிய ரசிகர். டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட், இந்தத் தொடரைப் பார்த்துத்தான் நடிகராக ஆசைப்பட்டதாகச் சொன்னவர். 2013-இல் டாக்டராகத் தேர்வான பீட்டர் கபால்டி 1974-இல் பதினைந்து வயதில் எழுதிய ரசிகர் கடிதம் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சாகியிருக்கிறது. இவர்கள் கனவு கண்டவர்கள், கனவின் உள்ளேயே போய்விட்டார்கள்.

ஹேடோக் எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவு வெளிச்சமானதல்ல. என் மனத்தில் அதிகம் நிற்பது அதுதான். தொடரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2013-இல் அவர் ஒரு ஒலிப்பேட்டி வரிசையைத் தொடங்கினார். ஒவ்வொரு 'டாக்டர் ஹூ' கதைக்கும் அதில் பங்குகொண்ட யாரேனும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசவைப்பது நோக்கம். நட்சத்திரங்கள் மட்டுமல்லாமல் ஒரே அத்தியாயத்தில் காவலாளியாக வந்தவர், ரப்பர் உடைக்குள் வியர்த்தவர் என எவரும் இருக்கலாம். கூடவே 'கார்டியன்' நாளிதழில் மறைந்த குணச்சித்திர நடிகர்களுக்கு அஞ்சலிக் குறிப்புகளும் எழுதிவருகிறார். பெரும் புகழ் எட்டாத நடிகர்கள் பலர், சிறுவயதில் தொடரின் கடைசி எழுத்தோட்டத்தில் பெயர்களை விடாமல் படித்த ஒருவரால் முழு வாழ்க்கை வரலாறு பெறுகிறார்கள்: எந்த ஊரில் பிறந்தார், எந்த மேடையில் தொடங்கினார், எந்த வேடத்தில் மின்னினார் என்று. பள்ளியில் கேலிக்கு ஆளான அதே பட்டியல் அறிவுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறது.